காளையும் கணக்கேடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காரைக்குடி வட்டாரத்தில் நாட்டுமாடு வளர்ப்போர் சிலர் சேர்ந்து நடத்திவரும் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதியிருந்தேன். அதில் ‘மூன்றாண்டுக்கு ஒரு முறை பொலிகாளையை (பசுக்களோடு சேர்ப்பதற்கென்று வைத்திருக்கும் காளையை) ஊர் மாற்றுகிறோம்’ என்று போகிறபோக்கில் எழுதிய ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே பாதிக்கு மேல். மீதிக் கடிதங்கள் மஞ்சுவிரட்டு, சுழி, கோயில் காளை என்று பல திசைகளில் போகின்றன. ஒரே பொருளைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்; பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்கும் ஊர்ப் பெயரை மட்டுமே தந்திருக்கிறேன்.

பொங்கல் சமயத்தில்தான் உங்கள் சங்கத்தின் பலகையையே பார்க்க முடிகிறது. மற்றப் பதினொரு மாதங்களில் என்ன செய்கிறீர்கள்?
- ஒரு வாசகர், கோட்டையூர்

கேள்வியில் உள்ள குத்தலை ஏற்றுக்கொள்கிறேன். தை மாதத்தில் மாட்டுப் பொங்கலும், மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டும் அடுத்தடுத்து வருவதால் மாடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் வெளியே தெரிகிறார்கள். எங்கள் பலகையும் அப்போதுதான் வெளியே வருகிறது. ஆனால் சங்கத்துக்கு அந்த மாதத்தில் இருக்கும் உண்மையான வேலை தலைக்கணக்கு எடுப்பது. பொங்கலுக்குக் குளிப்பாட்டிக் கொம்பு சீவி நிறுத்தியிருக்கும்போது மாட்டை நிதானமாகப் பார்க்க முடியும் என்பதால் உறுப்பினர் வீடு வீடாகப் போய்ப் பசு, கிடேரி, காளைக்கன்று, பொலிகாளை, வண்டிமாடு என்று பிரித்து எழுதி, காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்கிறோம். வில்லை இல்லாத மாட்டுக்கு மூக்குச் சுவட்டை மை தொட்டுத் தாளில் எடுத்துவைக்கிறோம். மனிதருக்குக் கைரேகை எப்படியோ மாட்டுக்கு மூக்குச் சுவடு அப்படி. ஒன்று போல் இன்னொன்று இராது.

மாசியில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை இறங்கும்; எருவுக்காக மந்தையை இரவில் வயலில் அடைத்துவைப்பதே கிடை. பொதுக்குழுவையும் அந்த மாதத்தில்தான் வைத்துக்கொள்கிறோம். அரளிப்பாறையின் மாசிமக மஞ்சுவிரட்டு நாளில் மட்டும் கூட்டம் வைப்பதில்லை, வைத்தால் செயலாளரான நான் ஒருவன்தான் இருப்பேன். பங்குனியும் சித்திரையும் தண்ணீர்க் கவலையிலேயே கழியும். ஊரணி வற்றிய ஊர்களுக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு, வைக்கோல் வாங்கிப் பங்கிடுவது, புதுவயல் அரிசி ஆலைகளில் மொத்தமாகத் தவிடு பேசி வாங்குவது ஆகியவை அந்த இரண்டு மாத வேலைகள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மானாமதுரையில் உள்ள புலிக்குளம் மாட்டின ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போகிறோம். ஆடியில் காளை மாற்றம். புரட்டாசி பிறப்பதற்குள் குடற்புழு மருந்தும், சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசியும் முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் கண்மாய்க்கரையில் கால் வைக்க முடியாத ஊர்கள் எங்களில் ஐந்தாறு உண்டு. கோமாரி தடுப்பூசியை அரசு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டணமில்லாமல் போடுகிறது. அந்த நாளில் மாடுகளை ஒரே இடத்தில் பிடித்துக்கொடுப்பது எங்கள் பங்கு. மார்கழியில் வரவு செலவு எழுதுகிறோம்.

மாவட்டக் கண்காட்சி, பரிசளிப்பு, பொன்னாடை ஆகியவற்றை நான் இந்தப் பட்டியலில் சேர்க்காதது மறதியால் அன்று.

நல்ல காளை ஒன்று ஊருக்கு அமைவதே அரிது. அமைந்ததை மூன்றாண்டில் வேறு ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறீர்களே, அது ஏன்?
- தேவகோட்டை, ஆறாவயல், கண்டனூர் வாசகர்கள் ஐவர்

இதற்கு எங்கள் சங்கம் தன் சொந்தத் தவற்றால் பாடம் படித்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்க ஆண்டுகளில் எங்களிடம் ஒரு காளை இருந்தது. கருஞ்சாம்பல் நிறம், திமில் ஒரு பக்கம் சாயாமல் நிமிர்ந்து நிற்கும், நடக்கும்போது தரை தெரியாது. அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வருவார்கள். அந்தப் பெருமையில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் மூன்று ஊர்களின் பசுக்களுக்கு அதையே விட்டோம். நான்காம் ஆண்டிலிருந்து அதன் மகள்களே பருவத்துக்கு வந்து அதனிடமே சேர்ந்தன. எந்தக் கிடேரி எந்தக் காளையின் மகள் என்று எழுதிவைத்த ஏடு எங்களிடம் இல்லாததால் அது யார் கண்ணிலும் படவில்லை. பிறகு பிறந்த கன்றுகளில் எழுந்து நின்று மடியைத் தேடவே தடுமாறியவை சில. சில பசுக்கள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்து சினை நிற்கவில்லை. கண்ணேறு என்றார்கள், தீவனக் குறை என்றார்கள். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்தான் திண்ணையில் உட்கார்ந்து, ‘இந்தக் கன்றுக்கு அப்பன் யார், தாய்க்கு அப்பன் யார்?’ என்று இரண்டே கேள்வி கேட்டார். இரண்டுக்கும் ஒரே பதில்.

தந்தையும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றில் உறவுக்கலப்பு 25 விழுக்காடு. ஒரே காளைக்கு வெவ்வேறு பசுக்களில் பிறந்த இரண்டு சேர்ந்தால் 12.5 விழுக்காடு. மறைந்திருக்கும் குறைகள் இரு பக்கமிருந்தும் ஒன்றாக வந்து சேர்ந்து வெளிப்படுவதற்கு அந்த அளவுக்கு வாய்ப்பு கூடுகிறது என்று பொருள். இது ஒரு கன்றின் கணக்கு. ஊரின் கணக்கு இன்னும் கடுமையானது. நூறு பசுக்கள் உள்ள ஊரில் ஒரே காளைதான் என்றால், பசுக்கள் நூறாக இருந்தும் அந்த மந்தை மரபளவில் நான்கே உயிர்கள் கொண்ட மந்தையைப் போலத்தான் நடந்துகொள்ளும். தலைமுறைக்கு ஏறத்தாழ 12.6 விழுக்காடு வீதம் உறவுக்கலப்பு ஏறும். அதே நூறு பசுக்களுக்கு நான்கு காளைகள் இருந்தால் அது 3.25 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. இனப்பாதுகாப்பில் பொதுவாக வலியுறுத்தப்படும் எல்லையான 1 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டுமானால் 15 காளைகள் தேவை. பசுக்களை இரு மடங்காக்கினாலும் இந்த எண்கள் அதிகம் அசையா. ஆண், பெண் இரண்டில் எண்ணிக்கையில் குறைந்து நிற்பது எதுவோ அதுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

பதினைந்து காளைகளை ஓர் ஊர் தீவனம் போட்டுக் காப்பாற்ற முடியாது என்பதை நான் அறிவேன். அதனால்தான் ஊர்களுக்கிடையே மாற்றிக்கொள்கிறோம். நாட்டுக் கிடேரி பருவத்துக்கு வர இரண்டரை, மூன்று வயதாகும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். ஆகவே ஒரு காளை ஊருக்குள் வந்து மூன்று ஆண்டு முடியும்போது அதன் மூத்த மகள்கள் இன்னும் காளைக்குக் கத்தத் தொடங்கியிரா. அந்த நேரத்தில் அதை அடுத்த ஊருக்கு அனுப்பி, அங்கிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டால் இரண்டு ஊருக்கும் நன்மை. ஆடியில் அந்த மாற்றம் நடக்கும் நாளில் வளர்த்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் மூக்கணாங்கயிற்றைக் கொடுக்க மனமில்லாமல் அவிழ்த்து வைத்துக்கொண்டு, புதுக் கயிறு போட்டு அனுப்பினார்கள்.

செட்டிநாட்டுக்கென்று தனி மாட்டினம் உண்டா? செட்டிநாட்டுக் கோழி என்று சொல்வதுபோல மாட்டையும் சொல்லலாமா?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

செட்டிநாட்டுக் கோழி என்பது கோழியின் இனத்தைவிடக் குழம்பின் இனத்தைக் குறிப்பது. மாட்டுக்கு அந்த உரிமையை யாரும் கொண்டாட முடியாது. செட்டிநாடு என்ற பெயரிலேயே இருக்கும் ஊரில் அரசின் கால்நடைப் பண்ணை ஒன்று இருப்பதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். அது பண்ணையின் பெயர்.

இந்தப் பக்கத்துக்குச் சொந்தமான இனம் புலிக்குளம். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள புலிக்குளம் என்ற ஊரின் பெயரால் வழங்குவது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு இதைத் தனி இனமாக ஏற்றுப் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் அவ்வாறு பதிவான மற்றவற்றுள் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் ஆகியவை வாசகர்களுக்குத் தெரிந்தவை. புலிக்குளம் கட்டான, சிறு உடல் கொண்ட மாடு. பசு பெரும்பாலும் வெள்ளையும் சாம்பலும். காளை வயதாக ஆகக் கருத்து, திமிலும் தொடையும் கரிய நிறம் கொள்ளும். பாலுக்கென்று வளர்க்கப்பட்ட இனமன்று. கன்று குடித்தது போக மிஞ்சுவது சொற்பம். ஏருக்கும், வண்டிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வயலுக்கு எருவிடக் கிடை போடுவதற்கும் என உருவான மாடு. சாலையோரத்தில் பத்துப் பதினைந்து மாடுகள் கட்டியிருக்கும் கொட்டகையைப் பார்த்து இந்த இனத்தை மதிப்பிட முடியாது, அதன் வீடு மந்தைதான்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். சாம்பல் நிறத்தில் திமிலோடு இருப்பதெல்லாம் புலிக்குளம் ஆகிவிடாது. சந்தையில் காங்கேயக் கலப்பைப் புலிக்குளம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள், உம்பளச்சேரிக் கலப்பை அப்படி விற்பவர்களும் இருக்கிறார்கள். தாயைப் பார்க்காமல் கன்றை வாங்காதீர்கள்.

மஞ்சுவிரட்டுக்கு ஒரு காளை வளர்க்கிறேன். அதைப் பசுவோடு சேர்த்தால் வீரியம் போய்விடும் என்கிறார்கள். உங்கள் சங்கம் மஞ்சுவிரட்டுக்கு எதிரானதா?
- ஓர் இளைஞர், சிங்கம்புணரி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: எதிரானதன்று. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் தடை வந்தபோது, கொட்டகைகளில் நின்ற காளைகளை ‘இனி எதற்கு?’ என்று விற்றுவிட்டவர்கள் எங்கள் உறுப்பினர்களிலேயே இருந்தார்கள். 2017 ஜனவரியில் மாநிலத் திருத்தச் சட்டம் வந்து, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்று சொன்ன பிறகு காளைக்கன்றுக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. உழவும் வண்டியும் போன பிறகு காளைக்கன்றை அடிமாட்டுக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்க ஒருவருக்குக் காரணம் வேண்டும். மஞ்சுவிரட்டும் பந்தயமும் அந்தக் காரணத்தைக் கொடுக்கின்றன. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பந்தயத்தில் பிரிவுகள் வகுத்திருப்பதால் சிறு உருவம் கொண்ட காளைக்கும் இடம் கிடைக்கிறது. அந்த அளவில் நன்று.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. ஒரு காளைக்காகப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் வாங்கிப் போட்டு, மண்குத்தவும் நீந்தவும் பழக்கி, மாதாமாதம் செலவழிக்கிற வீடுகளில் பசு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இராது. கன்றாக வாங்கி வளர்த்து, ஓய்ந்ததும் இன்னொரு கன்றை வாங்குகிறார்கள். அந்தக் கன்றைப் பெற்ற பசு எங்கோ ஒரு கிடையில், யாரும் பரிசு கொடுக்காமல் நின்றுகொண்டிருக்கிறது. சிராவயலில் தொழுவிலிருந்து அவிழ்த்துவிடும் மாடுகளையும், தொழுவுக்கு வெளியே பொட்டலில் கட்டுமாடாக அவிழ்த்துவிடும் மாடுகளையும் பார்த்துக் கைதட்டும் நாம், அவை அத்தனைக்கும் தாய் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வீரியம் பற்றிய அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. அளவோடு, வாரத்துக்கு இரண்டு மூன்று பசு என்று சேர்த்தால் முதிர்ந்த காளையின் ஓட்டமோ துடிப்போ குறைந்துவிடாது. நான்கு பல் போடாத இளங்காளையை அடிக்கடி விடுவதுதான் தவறு. களத்தில் நன்றாக விளையாடிய காளையின் மரபை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காமல் தடுத்துவிட்டுப் பிறகு ‘அந்தக் காலத்துக் காளை போல் இப்போது இல்லை’ என்று சொல்வதில் என்ன நியாயம்? உங்கள் காளையை எங்கள் ஏட்டில் சேர்க்க விரும்பினால், அதன் தாய் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

சுழி பார்த்து மாடு வாங்குவது மூடநம்பிக்கையா? சங்கத்தின் பதிவேட்டில் சுழிக்கு ஒரு பத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.
- ஒரு வாசகர், புதுவயல்

இருக்கிறது. நல்லது கெட்டது பார்ப்பதற்காக அதை வைக்கவில்லை. மயிர்ச்சுழி கன்று பிறக்கும்போது எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் கடைசி வரை இருக்கும். நிறம் மாறும், கொம்பு மாறும், சுழி மாறாது. காது வில்லை கிழிந்து விழுந்த மாட்டை அடையாளம் காண அதைவிட மலிவான வழி இல்லை. மற்றபடி ராஜசுழி உள்ள மாடு குடும்பத்தை உயர்த்தும், பாடைச்சுழி உள்ளது கவிழ்க்கும் என்பதற்கெல்லாம் எங்கள் ஏட்டில் சான்று அகப்படவில்லை. தரகர்கள் சுழியைக் காட்டி நல்ல மாட்டின் விலையை இறக்கியதை மட்டும் பல முறை பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே அப்படி விலை இறங்கி வந்த ஒரு பசு ஏழு ஈற்றுப் போட்டது. விற்றவர் குடும்பமும் வாங்கிய என் குடும்பமும் நலமாகவே இருக்கிறோம்.

எடைமேடை இல்லாத ஊரில் மாட்டின் எடையை எப்படி அறிவது? குடற்புழு மருந்து கொடுக்க எடை கேட்கிறார்கள்.
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால், திமிலை ஒட்டி நெஞ்சைச் சுற்றி அளந்து அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தோள்முனையிலிருந்து புட்டத்து எலும்பு முனைவரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை கிலோ என்று வரும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 50 அங்குலம் என்றால் 272 கிலோ அளவில் இருக்கும். மாடு சமதரையில் நான்கு காலிலும் ஒழுங்காக நிற்க வேண்டும். தலையைக் குனிந்து புல் மேயும்போது அளந்தால் கணக்குப் பிசகும். நாடாவை இறுக்கிப் பிடித்து எடையைக் குறைப்பவர்கள் வாங்குபவர்கள், தளர்த்திப் பிடிப்பவர்கள் விற்பவர்கள். மருந்துக்கு அளப்பவர் இரண்டும் செய்ய வேண்டாம்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு காளை நேர்ந்துவிட எண்ணியிருக்கிறோம். வெளிநாட்டில் இருப்பதால் நேரில் வந்து பார்த்துக்கொள்ள இயலாது. சங்கம் உதவுமா?
- ஒரு வாசகர், சிங்கப்பூர்

உங்களைப் போல ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் கேட்கிறார்கள். கோயில் காளை என்பது ஊரின் பிள்ளை. எந்த வயலில் வாய் வைத்தாலும் விரட்டுவார்களே தவிர அடிக்க மாட்டார்கள். அது இறந்துபோனால் வேட்டியும் மாலையும் சாத்தி, வண்டியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்து, கூடியிருந்து துக்கம் கேட்கிற ஊர்கள் நம் பக்கத்தில் உண்டு. அதைக் குறை சொல்ல நான் துணிய மாட்டேன்.

ஆனால் நேர்ந்துவிடுகிறவர்கள் விழா முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். சீமைக் கருவேலம் மூடிய கண்மாயில் மேய்ச்சல் இல்லாத சித்திரை மாதத்தில் அந்தக் காளை கடைவீதியில் வாழைப்பழத் தோலும் நெகிழிப் பையும் தின்றுகொண்டு நிற்கிறது. மேலும், கோயில் காளையை யாரும் ஊர் மாற்ற முடியாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அது ஒரே ஊரில் இருந்து தன் மகள்களையும் பேத்திகளையும் சேரும். மேலே தேவகோட்டைக்காரர்களுக்குச் சொன்ன கணக்கைத் தயவுசெய்து இங்கேயும் படித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எங்கள் யோசனை இது. கோயிலில் ஏற்கெனவே காளை இருந்தால் புதிதாக ஒன்றை விடாமல், அதன் தீவனத்துக்கும் மருத்துவத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள். புதிதாகத்தான் விட வேண்டும் என்றால், அந்த ஊர்ப் பசுக்களோடு உறவில்லாத கன்றை நாங்கள் ஏடு பார்த்துத் தேர்ந்து தருகிறோம். ஊரார் சம்மதித்தால் பக்கத்து ஊர்க் கோயிலோடு மூன்றாண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டையும் பேசிப் பார்க்கலாம். இதுவரை ஒரு ஊர்தான் சம்மதித்திருக்கிறது. அங்கேகூடச் சாமியாடி உத்தரவு கொடுத்த பிறகுதான் காளை ஊர் எல்லையைத் தாண்டியது.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு சங்கம் தொடங்க விரும்புகிறோம். நடைமுறை என்ன?
- நண்பர்கள் சிலர், நாட்டரசன்கோட்டை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விதிமுறைகளும் படிவங்களும் கிடைக்கும். ஆண்டுப் பொதுக்குழுவும் ஆண்டுக் கணக்கும் தவறக் கூடாது. பதிவு எளிது, முதல் ஆண்டு தலைவர் யார் என்று முடிவு செய்வதுதான் கடினம். மாடு அதிகம் வைத்திருப்பவரைத் தலைவராக்குவதைவிட, கையெழுத்து நன்றாக இருப்பவரைச் செயலாளராக்குவதில் கவனம் செலுத்துங்கள்.

தீவனச் சோளம் விதைத்திருக்கிறேன். இளம் பயிரை மேய்ந்த இரண்டு ஆடுகள் இறந்துவிட்டன. மாட்டுக்குக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், கல்லல்

இப்போது கொடுக்காதீர்கள். இளஞ்சோளத்திலும், மழையின்றி வாடிய சோளத்திலும், அறுத்த தாளிலிருந்து புதிதாகத் துளிர்த்த சோளத்திலும் நச்சு மிகுந்திருக்கும். மாடு மேய்ந்த சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி விழும். பூக்கும் பருவம் வரட்டும், அதுவரை ஐம்பது நாளாவது பொறுங்கள். அதன் பிறகும் அறுத்து ஒரு நாள் நன்றாக உலர்த்திப் போடுவது நல்லது. மாடு மேய்ந்து துடித்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள், மாற்று மருந்து உண்டு. மானாவாரிச் செம்மண் நிலமாக இருந்தால் அடுத்த ஆண்டு கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் கலந்து விதைத்துப் பாருங்கள். சோளத்தின் விளைச்சல் வராது, இந்தத் தொல்லையும் வராது.

என் தகப்பனார் கிடை மாட்டுக்காரர். நூற்றுக்கு மேல் மாடு இருக்கிறது. கண்காட்சிக்கு ஒன்றையும் ஓட்டி வர முடியாது, ஓரிடத்தில் நிற்கிற பிழைப்பும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு உங்கள் சங்கத்தில் என்ன இடம்?
- ஒரு கல்லூரி மாணவி, திருப்பத்தூர் பக்கம்

இந்தக் கடிதம் கடைசியாகத்தான் வந்தது. முதலில் வந்திருந்தால் இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருப்பேன்.

எங்கள் சங்கத்தின் பெரிய குறை நீங்கள் கேட்டதுதான். ஒன்றிரண்டு மாடுகளை வீட்டில் கட்டி வளர்ப்பவர்கள் எழுதிய விதிமுறைகள் எங்களுடையவை. சந்தா கட்ட நிலையான முகவரி கேட்கிறோம், கூட்டத்துக்கு வராதவரை நீக்குகிறோம். வயல் வயலாகக் கிடை போட்டு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நெல்லாகவோ ரூபாயாகவோ பேசிக்கொண்டு, மழைக்கு ஓரிடமும் கோடைக்கு ஓரிடமுமாகப் போகிறவர் எந்த முகவரியைக் கொடுப்பார்? இத்தனைக்கும் புலிக்குளம் இனத்தின் பசுக்கள் பெரும்பகுதி அவர்களிடம்தான் இருக்கின்றன. மேய்ச்சல் காடுகளில் கட்டுப்பாடு வந்து, கண்மாய்கள் கருவேலம் மூடி, வயலுக்கு மூட்டை உரம் போதும் என்று கிடைக்குக் கூப்பிடுவதே குறைந்துவரும் நிலையில், ஒரு கிடைக்காரர் தொழிலை விட்டு மந்தையை விற்றால் நாங்கள் பத்தாண்டு பாடுபட்டுச் சேர்த்த எண்ணிக்கை ஒரே வாரத்தில் போய்விடும்.

சென்ற மாசியில் குன்றக்குடிக்கு அப்பால் ஒரு வயலில் கிடை போட்டிருந்த பெரியவரைப் பார்க்க நானும் இரண்டு உறுப்பினர்களும் ஏட்டோடு போனோம். பொழுது சாய்ந்து மாடுகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. வில்லை எண் பார்த்து எழுதலாம் என்றால் இருட்டில் காது தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு, நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்: இது செவலையின் மகள், இது கூடுகொம்பின் மூன்றாவது ஈற்று, இதன் அம்மா வெள்ளத்தில் போய்விட்டது, அந்த மயிலை அதன் தங்கை. சந்தேகம் வந்தபோது பசுவின் பக்கத்தில் போய்க் கொம்படியைத் தடவி, ஈற்றுக்கு ஒன்றாக ஏறும் வளையங்களை விரலால் எண்ணினார். தாய்வழியில் நாலு தலைமுறை தவறாமல் வந்தது. எங்கள் பதிவேட்டில் இரண்டு தலைமுறைக்கு மேல் போகும் மாடு இன்னும் ஒன்றுகூட இல்லை. அன்றிரவு 34 மாடுகள் வரை எழுதினோம். பேனா மை தீர்ந்ததால் நிறுத்தினோம்.

உங்களுக்கு உள்ள இடம் அந்த ஏடுதான். அடுத்த பொதுக்குழுவில் கிடைக்காரர்களுக்கு முகவரி, வருகைப் பதிவு இரண்டையும் தளர்த்தும் தீர்மானத்தை நான் முன்மொழியப் போகிறேன். நிறைவேறும் என்றே நம்புகிறேன், எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். அதுவரை காத்திருக்க வேண்டாம். விடுமுறையில் தகப்பனாரோடு இருக்கும் நாள்களில் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பசுவின் பெயர், தாயின் பெயர், எத்தனையாவது ஈற்று, சுழி எங்கே, எந்தக் காளை சேர்ந்தது என்ற ஐந்தும் போதும். கோடு போட்ட நீள ஏடுகள் இரண்டை இதழ் அலுவலகத்தில் உங்கள் பெயருக்குக் கொடுத்துவைத்திருக்கிறேன்; பேனாவும் இரண்டு வைத்திருக்கிறேன்.